கலங்கரை விளக்குக்குத் தொடக்க விழா

துன்பியல் நாடகம் எப்படி ஓடுகிறது என்று விளக்க ஆங்கில ஆசிரியர் தனேஸ்வரனுக்கு ஒரு லாரி தேவைப்பட்டது.

வகுப்பு, நான்காம் படிவம் மெலூர். அந்த இடைநிலைப் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் பூப்பெயர்தான். ரோஜாவில் கெட்டிக்காரப் பிள்ளைகள், மெலூரில், அதாவது மல்லிகையில், மற்றவர்கள். பூக்களுக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்று பெற்றோர் கூட்டத்தில் ஆண்டுதோறும் அறிவிப்பார்கள். அறிவித்துவிட்டு, மின்விசிறி சுற்றாத அறையை மெலூருக்குக் கொடுப்பார்கள். பள்ளி ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுத் தாமான் குடியிருப்பு வீடுகள் கட்டிய இடத்தில் இருந்தது. தோட்டம் போனாலும் பேச்சில் கொஞ்சம் மிச்சமிருந்தது. காலையில் திடலில் வரிசையாக நிற்பதை மெலூர் பிள்ளைகள் இன்னமும் 'பெரட்டு' என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலப் பாடவேளையில் அவர்கள் வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும்.

இவர்களுக்கு அந்த ஆண்டு வாய்த்தது பழைய ஆங்கில நாடகம் ஒன்று. கதை சின்னதுதான். ஒரு தீவு. அதற்கு ஓர் அரசர். எதிரிக் கப்பல் வருவதாகக் கேள்விப்பட்டுக் கலங்கரை விளக்கை அணைக்கச் சொல்கிறார். நான் சொல்லும்வரை யாரும் ஏற்றக்கூடாது என்பது ஆணை. பிறகு தெரிகிறது, வருவது எதிரியல்ல, அவருடைய சொந்த மகள் ஏறிவரும் கப்பல். தூதன் மூன்று முறை ஓடிவந்து கெஞ்சுகிறான். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற அரசருக்கு வெட்கம். கடைசியில் விளக்கு ஏறுகிறது. அந்த வெளிச்சத்தில் தெரிவது உடைந்த கப்பல். அரசர் நின்ற இடத்திலேயே விழுந்து சாகிறார்.

"கேமரன் மலையிலேருந்து காய்கறி லாரி ஒண்ணு சிம்பாங் பூலாய்க்கு எறங்குது," என்றார் தனேஸ்வரன். "மேலயே பிரேக் சூடாயிடுச்சு. டிரைவருக்குத் தெரியும். நிறுத்தினா மத்தவன் சிரிப்பான்னு நிறுத்தல. அப்புறம் என்னா ஆவும்?"

தினேஸ்வரி தலையைத் தூக்கினாள். அவளுடைய அப்பா அந்தப் பாதையில்தான் லாரி ஓட்டுகிறார்.

"வழியில மணல்மேடு இருக்கும்லா சார். பிரேக் போன லாரி ஏறி நிக்கறதுக்கு."

"இருக்கு. இந்த நாடகத்திலயும் இருக்கு. தூதன் வாரானே, ஒவ்வொரு தடவையும் ஒரு மணல்மேடு."

தினேஸ்வரி கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டினாள். "மூணு மேடு. மூணையும் தாண்டிப் போயிட்டான், மடையன்." பிறகு மெலூர் வகுப்பு அதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டாள். "சார், நான் அரசரா வரட்டா?"

அன்றிலிருந்து அந்த வகுப்பின் போக்கே மாறியது. ரூபன் தூதனானான். அமல் விளக்குக்குப் பொறுப்பாளன். தினேஸ்வரி கடைசிப் பேச்சை அப்பாவின் லாரியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். என் சொல்லை நான் காப்பாற்றினேன், என் சொல் யாரையும் காப்பாற்றவில்லை என்று முடிகிற பேச்சு. சாவதற்கும் பயிற்சி எடுத்தாள். மேடையில் விழுவது லேசான காரியம் இல்லை. முதலில் முழங்கால் மடங்கவேண்டும், அடுத்து இடுப்பு, பிறகு தோள், தலை எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கையின்மேல் வந்து சேரவேண்டும். வரிசை மாறினால் உண்மையாகவே அடிபடும். விழுந்தபிறகு வயிற்றால் மூச்சுவிடக்கூடாது, பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் உடற்பயிற்சி அறையின் மெத்தையில் தனேஸ்வரன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

"கடைசியில மாத்திட மாட்டாங்களே சார்?" என்று கேட்டாள் தினேஸ்வரி. பள்ளியைப் பற்றி அவளுக்கு அனுபவம் இருந்தது.

"நீ கண்டிப்பா சாவ. நான் பொறுப்பு," என்றார் தனேஸ்வரன்.

ஓர் ஆசிரியர் மாணவிக்குக் கொடுக்கக்கூடிய வாக்குறுதியா இது என்று அவர் பிறகு யோசித்தார். ஆனால் கொடுத்தாகிவிட்டது.

மறுவாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து வழிகாட்டிப் பயிற்றுநர் சதாசிவம் பாடத்தைப் பார்வையிட வந்தார். பார்வையிடல் எப்படி நடக்கும் என்றால், அவர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்க்காமல் கணினியைப் பார்ப்பார். கணினியில் ஒன்று முதல் ஆறு வரை நிலைகள் இருக்கும். ஒருவரைக் கீழ்நிலையில் தொடங்கி மேல்நிலையில் முடித்தால் பச்சை அம்பு மேலே ஏறும். அம்பு எதன்மேல் ஏறுகிறது என்று கணினி கேட்பதில்லை.

பாடம் முடிந்ததும் சதாசிவம் தனேஸ்வரனைக் கேண்டீனுக்கு அழைத்துப்போய்ப் பால் கலக்காத தே ஓ வாங்கிக்கொடுத்தார். நல்ல மனிதர். ஆசிரியர்களை 'சிகு' என்று மரியாதையாக அழைப்பவர்.

"பாடம் நல்லா இருந்துச்சு சிகு. ஒரே ஒரு சந்தேகம். ஆரம்பத்துல அரசர் எந்த நிலையில இருக்காரு?"

"அரசரா இருக்காரு சார்."

"சரி, ஆறுன்னு வச்சுக்குவோம். கடைசியில?"

"செத்துடறாரு."

"அப்ப எறக்கம்." சதாசிவம் வருத்தத்தோடு கோப்பையைக் கலக்கினார். "அஞ்சு அங்கம் சிகு. அஞ்சு அங்கமா ஒரு ஆளு சரிஞ்சுக்கிட்டே போறாரு. நடுவுல என்னா நடவடிக்கை எடுத்தீங்க?"

"நான் என்னா சார் எடுக்கறது. நாடகம் எழுதி எத்தனையோ நூறு வருசமாச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன். எத்தனையோ நூறு வருசமா யாருமே எடுக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "கவுன்சலிங் அனுப்பினீங்களா?"

"யாரை சார்?"

"அரசரத்தான்."

அரசரைக் கவுன்சலிங்குக்கு அனுப்பாததற்கு நியாயமான காரணம் ஒன்றும் தனேஸ்வரனுக்குத் தோன்றவில்லை.

"எழுதினவருகிட்டப் பேசிப் பாக்கலாமா?"

"அவரும் செத்துட்டாரு சார்."

"பாத்தீங்களா," என்றார் சதாசிவம். கணினியில் எதையோ தட்டினார். எட்டிப் பார்த்தபோது, 'இறப்பு' என்ற கட்டத்தில் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு ஏறியிருந்தது.

விஷயம் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் பாடம் நன்றாக இருந்தது என்று சதாசிவம் சொன்னது மெய். அதனால் அந்த ஆண்டின் மாவட்ட ஆங்கில நாடக விழாவை இதே பள்ளி மண்டபத்தில் நடத்துவது என்றும், மெலூர் வகுப்பே நடிப்பது என்றும் முடிவானது. விழாவின் கருப்பொருள், 'மகிழ்ச்சி தரும் துன்பியல்'. மாநிலத்திலிருந்து டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வந்து தொடக்கி வைப்பார்.

பெங்கெத்துவா பதுருன்னிசா உடனே கூட்டம் போட்டார். எல்லாரும் 'புவான்' என்று மரியாதையாக அழைக்கும் பள்ளி முதல்வரான அவர் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. தன் பள்ளியில் எதுவும் நடந்துவிடக்கூடாது என்பதே அவருடைய ஒரே கவலை. நாடகத்திலோ நிறைய நடந்தது.

"கப்பல் கடல்ல போவுதா?"

"ஆமா புவான்."

"நீர் நடவடிக்கைக்கு அனுமதி எடுத்தாச்சா?"

"அட்டைக் கப்பல்தான் புவான்."

"அட்டையா இருந்தா இன்னும் சீக்கிரம் முழுகிடும். எல்லாப் பிள்ளைங்களுக்கும் பாதுகாப்பு அங்கி போடுங்க."

பழங்காலக் கப்பலின் மாலுமிகளுக்கு இப்படித்தான் ஆரஞ்சு நிற மிதவை அங்கி வந்தது. அடுத்து அரசர். சதாசிவம் ஒரு புதிய பிரதியையே தயாரித்துக் கொண்டுவந்திருந்தார். அதில் அரசர் இரண்டாம் அங்கத்தில் கவுன்சலிங் போகிறார். மூன்றாம் அங்கத்தில் திருந்தி விளக்கை ஏற்றச் சொல்கிறார். நான்காம் அங்கத்தில் மகள் பத்திரமாக இறங்குகிறாள். ஐந்தாம் அங்கம் முழுக்க அரசரின் நன்றியுரை. மாவட்ட அலுவலகம், மாநில அலுவலகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், குடிநீர் வழங்கியவர்கள்.

"அம்பு மேல ஏறுது பாருங்க," என்றார் சதாசிவம். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

தினேஸ்வரி அந்தப் பிரதியை வகுப்பிலேயே படித்து முடித்தாள்.

"அப்ப நான் சாவலையா?"

"இப்போதைக்கு இல்லம்மா."

"கடைசிப் பேச்சு?"

"நன்றியுரை."

அவள் அட்டைக் கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நீங்க பொறுப்புன்னு சொன்னீங்க சார்." அவ்வளவுதான் சொன்னாள். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். தனேஸ்வரனுக்கு அந்தச் சத்தம் கத்திக்குத்து மாதிரி இருந்தது. கிரீடம் இரண்டு நாள் அந்த மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள், "மேடையில என்னா நடக்கும்னு யாருக்குத் தெரியும்," என்று ரூபன் சொல்ல, தினேஸ்வரி அதை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

இனி விளக்கு. இந்த நாட்டில் தொடக்க விழா எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். பிரமுகரின் முன்னால் ஒரு கண்ணாடி உருண்டையை வைப்பார்கள். அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்ததும் உருண்டைக்குள் ஊதா மின்னல் ஓடும், மேடையில் பெரிய விளக்கு எரியும், காகிதத் துகள் பறக்கும். உருண்டைக்கும் விளக்குக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. திரைக்குப் பின்னால் ஒருவர் சுவிட்சை வைத்துக்கொண்டு நிற்பார். பிரமுகரின் கை படும்போது அவர் அழுத்துவார். தான் ஏற்றியதாகப் பிரமுகர் நினைத்துக்கொள்வார், அல்லது நினைப்பதுபோல் இருப்பார்.

உருண்டையும் பெரிய விளக்கும் ஈப்போவில் வாடகைக்குக் கிடைத்தன. நாடகத்திலும் ஒரு விளக்கு இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று சதாசிவம் யோசனை சொன்னார். மூன்றாம் அங்கத்தில் அரசர் "விளக்கை ஏற்றுங்கள்" என்பார், டத்தோ உருண்டையில் கை வைப்பார், கலங்கரை விளக்கு எரியும். மகளைக் காப்பாற்றியவர் டத்தோ. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

ஒரே ஒரு ஆபத்து. டத்தோவுக்கு முன்னால் விளக்கை யாராவது ஏற்றிவிட்டால்? போன ஆண்டு வேறொரு நிகழ்ச்சியில் ஒரு மாணவன் தவறுதலாக அழுத்திவிட, எரிகிற விளக்கைப் பிரமுகர் இன்னொரு முறை ஏற்ற நேர்ந்தது. அந்தச் சங்கடம் இங்கே வரக்கூடாது. பதுருன்னிசா அமலிடமிருந்து கம்பியில்லாச் சுவிட்சை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். நான் அழுத்தற வரைக்கும் யாரும் ஏத்தக்கூடாது."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தனேஸ்வரனுக்குத் தோன்றியது.

விழா நாளில் மண்டபம் நிறைந்தது. பக்கத்துப் பள்ளிகளின் பிள்ளைகள் தரையில். ஆசிரியர்கள் நாற்காலியில். முன்னால் டத்தோவுக்கு வெள்ளை உறை போட்ட சோபா, அதன் முன் கண்ணாடி உருண்டை. சோபாவில்தான் ஆள் இல்லை. டத்தோ பாரிட் புந்தாரில் ஒரு பள்ளியின் புதிய கழிப்பறையைத் தொடக்கி வைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் பேருந்துகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியாகவேண்டும்.

"ஆரம்பிச்சுடுங்க சிகு," என்றார் சதாசிவம், கைப்பேசியைக் காதில் வைத்தபடி. "மூணாவது அங்கத்துக்குள்ள வந்துடுவாரு. தைப்பிங் தாண்டிட்டாராம்."

முதல் அங்கத்தில் அரசர் விளக்கை ஏற்றக்கூடாது என்று ஆணையிட்டார். இரண்டில் அரசர் கவுன்சலிங் போய்த் திருந்தினார். மூன்றாம் அங்கம் வந்தது. சோபா காலி.

தினேஸ்வரி கையை உயர்த்தி ஆங்கிலத்தில் ஆணையிட்டாள். "லைட் த லேம்ப்."

எரியவில்லை.

இன்னும் உரக்கச் சொன்னாள். திரைக்குப் பின்னாலிருந்து அமல் எட்டிப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தான். மேடையோரத்தில் நின்ற சதாசிவம் ரப்பர் வளையத்தை இழுப்பதுபோலச் சைகை காட்டினார். இழுங்கள், இன்னும் இழுங்கள்.

ரூபன் மூச்சிரைக்க ஓடிவந்தான். பிரதியில் அவனுக்கு இந்த இடத்தில் வேலை இல்லை.

"கிங், த ஷிப் இஸ் வெரி நியர் ஒரேடி."

தினேஸ்வரி அவனைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். "வெயிட்," என்றாள். "சீஃப் கெஸ்ட் நாட் யெட் கம்."

மண்டபமே சிரித்தது. ஆசிரியர்கள் சிரிக்காமலிருக்க முயன்று தோற்றார்கள். ரூபன் போனான், திரும்பி வந்தான். பாறை தெரிகிறது என்றான். பாறையைக் காத்திருக்கச் சொல் என்றார் அரசர். மாலுமிகள் ஆரஞ்சு அங்கியோடு மேடையின் குறுக்கே தள்ளாடி, அரசருக்குச் செய்தி அனுப்பினார்கள். அரசர் பதில் அனுப்பினார். இலக்கணம் தடுக்கி விழுந்தது, எழுந்தது, ஓடியது. ஆண்டு முழுக்கக் கொட்டாவி விட்ட வகுப்பு, யாரும் எழுதிக் கொடுக்காத ஆங்கிலத்தில் சண்டை போட்டது. தனேஸ்வரன் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருத்தவேண்டிய பிழைகள் நூறு இருந்தன. ஒன்றைக்கூடத் திருத்தத் தோன்றவில்லை.

ரூபன் மூன்றாம் முறை வந்தபோது ஓடிவரவில்லை. நடந்து வந்தான். "கிங், ஐ கேன் சீ யுவர் டாட்டர்," என்றான் மெதுவாக. "ஷி இஸ் வேவிங்."

சிரிப்பு நின்றது.

தினேஸ்வரி மேடை விளிம்புக்கு வந்து முழங்காலிட்டாள். அவள் பார்த்தது சோபாவை அல்ல, அதற்குப் பக்கத்து நாற்காலியை. "மேடம்," என்றாள். "மை டாட்டர் இஸ் இன் த ஷிப்."

பதுருன்னிசாவின் கை கைப்பைக்குள் போயிற்று. தரையில் இருந்த பிள்ளைகளில் யாரோ "லைட்!" என்று கத்த, இன்னும் பலர் கத்தினார்கள். பையில் கை அசைந்ததைத் தனேஸ்வரன் பார்த்தார்.

சதாசிவம் குனிந்து வந்து பெங்கெத்துவாவின் காதருகே சொன்னார். "வேணாம் புவான். குவாலா கங்சார் வந்துட்டாராம். இப்ப ஏத்திட்டா அவரு வந்து எத ஏத்துவாரு?"

கை வெளியே வந்தது, வெறுமையாக.

"டத்தோ வந்துடட்டும்லா," என்றார் பதுருன்னிசா. மெதுவாகத்தான் சொன்னார். மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

கடைசியில் வெளியே கொம்பாங் மேளம் முழங்கியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். மேடையில் மூழ்கிக்கொண்டிருந்த மாலுமிகளும் எழுந்து நின்றார்கள். டத்தோ சிரித்தபடி வந்து, சோபாவில் உட்கார்வதற்கு முன்பே உருண்டையிடம் அழைத்துச் செல்லப்பட்டார். அறிவிப்பாளர் எண்ணினார். டத்தோ கை வைத்தார். பதுருன்னிசா பைக்குள் அழுத்தினார். கலங்கரை விளக்கு பளிச்சென்று எரிந்தது. காகிதத் துகள் பறந்தது.

அந்த வெளிச்சத்தில் ரூபன் நின்றிருந்தான், கையில் இரண்டாகக் கிழிந்த அட்டைக் கப்பலோடு. "ஜஸ்ட் நவ், மை கிங்," என்றான்.

அதன் பிறகு நன்றியுரைக்கு இடமிருக்கவில்லை. தினேஸ்வரி கடைசிப் பேச்சைப் பேசினாள். ஒரு சொல்லும் தப்பவில்லை. என் சொல்லை நான் காப்பாற்றினேன் என்றபோது அவள் குரல் உடைந்தது. என் சொல் யாரையும் காப்பாற்றவில்லை என்றபோது உடையவில்லை. முழங்கால், இடுப்பு, தோள். தலை கடைசியாக வந்து கையில் சேர்ந்தது.

மூக்கை உறிஞ்சும் சத்தம் அங்கங்கே கேட்டது. டத்தோ ஒலிபெருக்கி முன் போனார்.

"இந்த விளக்கை ஏற்ற என்னை அழைத்ததற்கு நன்றி," என்றார். "விளக்கு முக்கியம். அதைச் சரியான நேரத்தில் ஏற்றுவது இன்னும் முக்கியம். நான் போகும் இடத்திலெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். நான் வந்தபிறகுதான் எல்லாம் நடக்கிறது. நான் வராத இடங்களில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே நான் போவதில்லை. இங்கே மாணவர்கள் கண் கலங்கியிருப்பதைப் பார்க்கிறேன். அரசாங்கம் உங்களை மறக்கவில்லை என்ற மகிழ்ச்சி அது."

கைதட்டல் முடிந்ததும் பரிசுக் கூடை வந்தது. முதன்மை நடிகருக்கு டத்தோவின் கையால் பிஸ்கட் டின்னும் பானப் பொடியும் நிறைந்த கூடை. முதன்மை நடிகர் எழவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?" டத்தோ பெங்கெத்துவாவிடம் கேட்டார்.

"செத்துட்டாங்க டத்தோ."

டத்தோ யோசித்தார். அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். "யாரு தொடக்கி வச்சது?"

பதுருன்னிசா கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். "நாமதான் டத்தோ," என்றார்.

டத்தோவுக்கு அந்த அடக்கம் பிடித்திருந்தது. கூடையை அரசரின் மார்பின்மேல் வைத்து, பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு, அடுத்த தொடக்கத்துக்குக் கிளம்பினார்.

சதாசிவம் கணினியோடு ஓடிவந்தார். "சிகு, நாலாவது நிலை, அஞ்சாவது நிலை, அடாடா. யாரும் எழுதிக் குடுக்காம அவ்வளவு நேரம் பேசியிருக்காங்க. என்னா உத்தி இது?"

"காத்திருக்கறது சார்."

"காத்திருப்பு உத்தி," என்று தட்டினார் சதாசிவம். "அடுத்த வருசம் எல்லாப் பள்ளிக்கும் அனுப்பலாம். சிறப்பு விருந்தினரைத் திட்டமிட்டுத் தாமதப்படுத்தணும்." பச்சை அம்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பேருந்துகள் போயின. மண்டபம் காலியானது. தினேஸ்வரி இன்னும் கிடந்தாள், மார்பில் கூடையோடு, வயிறு அசையாமல்.

"எந்திரிம்மா," என்றார் தனேஸ்வரன். "எல்லாரும் போயிட்டாங்க."

ஒரு கண் திறந்தது. "டத்தோவுமா?"

"டத்தோவும்."

"நல்லா செத்தேனா சார்?"

"நல்லா செத்தம்மா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மூழ்கிப்போன மாலுமிகள் ஓடிவந்து பிஸ்கட் டின்னைத் திறந்தார்கள். அப்போதுதான் தனேஸ்வரன் கவனித்தார், முன்வரிசையில் பதுருன்னிசா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் சுவிட்ச். கலங்கரை விளக்கு யாருக்கும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இத அணைக்கறதுக்கு நிகழ்ச்சி நிரல்ல ஒண்ணும் போடல, சிகு," என்றார். "யாரு வரணும்?"

தனேஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் தினேஸ்வரி கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, வாயில் பிஸ்கட்டோடு கையை உயர்த்தினாள்.

"நான் சொல்றேன் புவான். அணைங்க."

பதுருன்னிசா சோபாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுத்தினார்.